சீட்டில் வந்த நாற்காலி

“சாமி, நான் ஜெயிக்கல. ஒரு துண்டுச் சீட்டு ஜெயிச்சிருக்கு.”

செங்கமலம் மலையேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வயது ஐம்பத்தாறு. மலை ஊற்றடியில் தனியாக வாழும் ஊற்றுச்சாமிக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் மனசு கலங்கினால் செங்கமலம் இங்கேதான் வருவார்.

சாமி கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“விவரமாச் சொல்லுங்கம்மா.”

“பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். எனக்கு அறுநூத்திப் பதினொண்ணு. சடையப்பனுக்கும் அறுநூத்திப் பதினொண்ணு. அதிகாரி ரெண்டு பேரையும் சீட்டுல எழுதி டப்பாவுல போட்டுக் குலுக்கினாரு. என் பேரு வந்துச்சு. இப்ப ஊரே என்னைக் குலுக்கல் தலைவின்னு கூப்பிடுது.”

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பதவி வேண்டாம் என்று எழுதிய கடிதம்.

“அதிர்ஷ்டத்துல வந்த நாற்காலி எனக்கு வேண்டாம் சாமி.”

“சரி. அந்த அறுநூத்திப் பதினொண்ணு?”

“அது என் உழைப்பு. இருபத்தாறு வருஷம் ஊருக்காகத் தாலுகா ஆபீஸ் படி ஏறி எறங்கியிருக்கேன்.”

“அப்ப அதுல அதிர்ஷ்டம் துளியும் கலக்காத ஓட்டு ஒண்ணே ஒண்ணு கண்டுபிடிச்சுட்டு வாங்க. அதுக்கப்புறம் கடுதாசியக் கொடுங்க.”

இதென்ன பெரிய விஷயம் என்று செங்கமலம் இறங்கிப் போனார்.

முதலில் மாரப்பன் வீடு. அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வாங்கிக் கொடுத்தது செங்கமலம்தான்.

“குழாய்க்காகத்தான் போட்டேன் அக்கா” என்றான் மாரப்பன். “ஆனா அன்னிக்கு நான் திருப்பூர் போயிருக்கணும். பஸ் பஞ்சராகி நின்னுச்சு. திரும்பி வந்து ஓட்டுப் போட்டேன்.”

அடுத்து பூங்காவனம். பிரசவ வலியில் துடித்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் செங்கமலம்.

“மறப்பேனா அக்கா? அன்னிக்கு நீங்க ஜீப்பத் தவற விட்டுட்டு எங்க வாசல்ல நின்னீங்க. இல்லாட்டி நானும் இல்ல, என் மகனும் இல்ல.”

டீக்கடை ராயப்பன் தலையைச் சொறிந்தான். “கோவிச்சுக்காதீங்க. சடையப்பன் அண்ணனுக்குப் போடத்தான் போனேன். அவசரத்துல உங்க சின்னத்துல குத்திட்டேன்.”

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டிலும் இதேபோல ஒரு தற்செயல் வந்ததும் அது போய்விட்டது.

மூன்று நாள். எண்பது வீடு. எல்லோரும் அவர் உழைப்பைச் சொன்னார்கள். கூடவே ஒரு மழையை, ஒரு காய்ச்சலை, தவறிய ஒரு பஸ்ஸைச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அவர் நடை மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கோயிலில் நிற்பதுபோல.

நான்காம் நாள் மலையேறினார்.

“கெடச்சுதா?” என்றார் சாமி.

“ஒண்ணு கெடச்சுது. என் ஓட்டு. நானே எனக்குப் போட்டது. அதுல யாரு கையும் இல்ல.”

“முழுசா உங்களோடதா?”

“ஆமா” என்று சொல்ல வாய் திறந்தார்.



கீழே பனி விலகி ஊரின் கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. செங்கமலம் அப்படியே பாறைமேல் உட்கார்ந்தார்.

“சாமி, நாங்க ரெட்டைப் பிள்ளைங்க.”

சாமியின் கை கேழ்வரகில் நின்றது.

“பொறந்த பதினாறாம் நாள். புயல் மழை. செவுரு இடிஞ்சு விழுந்துச்சு. அம்மா நடுவுல. நான் இந்தப் பக்கம், அவ செவுத்துப் பக்கம். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் அம்மா எங்களைப் பால் கொடுக்க மாத்திப் போட்டாங்களாம்.”



“அவங்க பேரு?” என்றார் சாமி.

“பேரு வைக்கல சாமி. அவ இருந்திருந்தா அவளும் ஒரு ஓட்டுப் போட்டிருப்பா.”

சாமி எழுந்தார். இரண்டு கைகளையும் கூப்பி, செங்கமலத்தின் முன் தலை வணங்கினார்.

கடிதத்தை இருவருமே மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் சடையப்பன். அதிகாரி உறுதிமொழித் தாளை நீட்டினார்.

செங்கமலம் வாசிக்கத் தொடங்கினார்.

“செங்கமலம் ஆகிய நான்...”

‘நான்’ என்ற சொல்லில் நின்றுவிட்டார்; பேர் வைக்காமல் போன அவளும் அதற்குள் இருந்தாள்.

அதிகாரி காத்திருந்தார். ஊர் காத்திருந்தது.