கட்டையை உருவும் முன் ஒரு கேள்வி

லாரியில் பூட்டி இழுக்கும் சக்கர வீடு ஒன்றின் மேல் எஸ்டேட் முதலாளி ஜெயசீலனுக்கு ஆசை வந்தது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருந்தன. அதை மலைப்பாதையில் இழுக்க வேண்டியவன் டிரைவர் சடையப்பன். போன மழைக்காலத்தில் இப்படியொரு வண்டியை இழுத்துப்போன அவன் தம்பி, பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்து செத்திருந்தான்.

"பிரேக்கைப் பார்க்கணுங்க," என்றான் சடையப்பன்.

விற்பவர் வரதராசு சிரித்தார். "பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருக்கேன். யானை முட்டினாலும் அசையாது."

முதலாளிக்கு எரிச்சல். "ஒரே ஒரு கேள்வி கேளு. அதோட வாயை மூடணும். இல்லேன்னா வேற வேலை தேடிக்கோ."

வண்டி சரிவில் நின்றது. சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்திருந்தார்கள். சடையப்பன் குனிந்து அதில் கை வைத்தபடி வரதராசுவைப் பார்த்தான்.

"ஐயா, நான் இந்தக் கட்டையை உருவுறேன். நீங்க கீழ்ப்பக்கமா வந்து நிக்கிறீங்களா?"

வரதராசு நகரவில்லை. "அதெல்லாம் எதுக்குப்பா," என்றார் மெல்ல.

முதலாளி வண்டியை வாங்காமல் காரில் ஏறினார். சடையப்பனின் வேலை போகாமல் தப்பியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

அடுத்த வாரமே அந்த வண்டி வேறொருவருக்கு விற்றுப்போனது. வாங்கியவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.