இஞ்ஞாசியம்மாளுக்கு ஒரு பிடி மண்

காய்ச்சலில் மாண்ட இஞ்ஞாசியம்மாளின் சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றது. சுமந்து வந்தவர்களைத் தவிர ஊரிலிருந்து வந்தவர் உபதேசியார் வியாகுலம் ஒருவரே.

அந்தக் கடற்கரை ஊரில் ஒரு முறை உண்டு. இறந்தவர் யாருக்கு என்ன உறவு என்று உபதேசியார் உரக்கச் சொல்ல வேண்டும். அந்த உறவினர் முன்வந்து முதல் பிடி மண் போட வேண்டும். மண் போட ஆளில்லாத பிணத்துக்கு மதிலுக்கு வெளியேதான் குழி.

ரோமாபுரியில் படித்து வந்த இளம் குருவானவர் வாசலில் காத்திருந்தார். வயதில் மூத்தவராயினும், வியாகுலம் அவரையே குருவாக ஏற்றிருந்தார்.

"சுவாமி, இவள் யாருக்கு என்ன உறவு என்று சொல்வது?"

"ஊர் எப்படிச் சொல்லும்?"

"இன்னமொராத்தா என்று. இவளோடு குடியிருந்துவிட்டுத் திரும்பிப் போன இத்தாலியக் கப்பல் தலைவர் அப்படித்தான் கூப்பிடுவார்."

"கப்பல்ல வந்த பேரு. கப்பலோடயே போயிருக்கலாம்" என்றான் சுமந்து வந்தவர்களில் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன பொருள் அதற்கு?"

"வைப்பாட்டி, சுவாமி."

"அந்தச் சொல் பிறந்த ஊரில், காதலுக்குள் புகுந்தவள் என்று பொருள்."

வியாகுலம் பெட்டியைப் பார்த்தார். "அப்படிப் புகுந்த ஆணுக்கும் அங்கே ஒரு சொல் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. ஊரார் நீங்கள் அந்தக் கப்பல் தலைவரை எப்படி அழைத்தீர்கள்?"

"துரை என்று."

குரு தலையசைத்தார். "வைப்பாட்டி என்று ஊருக்குப் பொருள் சொன்னது யார்?"

அந்நாளில் வியாகுலம் அந்தத் துரையின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்தவர்.

"நான்தான், சுவாமி. கிணற்றடியில் பெண்கள் கேட்டார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்."

"பிறகு?"

"அந்தக் கிணற்றில் இவளைத் தண்ணீர் இறைக்க விடவில்லை. ஊருக்கு வெளியே ஊற்றுக்குப் போய்க் குடித்தாள். உவர் நீர்."

"கடைசிவரையா?"

"கடைசிவரை."

குழி வெட்டுபவன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "உள்ளேயா வெளியேயா, சாமி?" என்றான்.

"உள்ளே."

"மண் போட உறவு யாரும் இல்லையே, சுவாமி" என்றார் வியாகுலம்.

குரு வாசற்கதவைத் திறந்துவிட்டார்.

"சாகும்வரை ஊர் இவள்மேல் சுமத்திய வைப்பாட்டி என்ற பெயரை வைத்தவர் நீர். பெயர் வைத்தவர் உறவாக மாட்டாரா, உபதேசியாரே? மண்ணை எடும்."