கரடி வைத்தியரின் தித்திப்புக் களிம்பு

மூங்கில் காட்டுக் குளக்கரையில் கரடி ஒருவர் வைத்தியம் பார்த்து வந்தார். தேனையும் ஆலம்பாலையும் குழைத்து அவர் ஒரு புதுக் களிம்பு செய்தார். எந்தக் காயத்தையும் அது ஆற்றிவிடும் என்பது அவர் நம்பிக்கை. நம்பினால் மட்டும் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? எலிகளைப் பிடித்து வந்தார். ஒவ்வொன்றின் உடம்பிலும் நகத்தால் ஒரு கீறல், அதன்மேல் களிம்பு.

"பௌர்ணமி அன்னிக்கு வந்து காயத்தைக் காட்டுங்க!" என்று அனுப்பிவிட்டார்.

பௌர்ணமியன்று வந்த எலிகளுக்கெல்லாம் காயம் ஆறியிருந்தது. கரடிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எருமை ஒருத்தி தள்ளாடி வந்தாள். சிறுத்தை பிடரியில் அறைந்திருந்தது. பால்குடி மறக்காத கன்று பின்னாலேயே வந்தது. கரடி காயத்தின் மேல் களிம்பை அப்பினார். "இனிமே கவலையை விடும்மா!"

வேம்பி என்ற கீரி இதைப் புதரோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்காமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"வைத்தியரே, கீறல் போட்ட எலி எல்லாம் திரும்பி வந்துச்சா?"

"சிலது வரலை."

"ஏன் வரலை?"

"குணமானவன் எதுக்கு வைத்தியரைத் தேடி வரணும்?" என்று கரடி சிரித்தார்.

வேம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. வராத எலிகள் எங்கே போயின? மறுநாள் எருமையின் கழுத்து வீங்கி, அவள் எழ முடியாமல் கிடந்தாள். கன்று பசியில் கத்தியது. வேம்பி நேரே எலி வளைக்கு ஓடினாள்.

"ஐயோ, கீரி!" உள்ளே ஒரே களேபரம்.

"சாப்பிட வரலை! ஒண்ணு கேட்கத்தான் வந்தேன்!"

"ருத்திராட்சப் பூனையை நாங்களும் பார்த்திருக்கோம்! போ, போ!"

வேம்பி வளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "இப்போ என் பல்லு அந்தப் பக்கம் இருக்கு. தைரியமா சொல்லுங்க. களிம்பு எப்படி இருந்துச்சு?"

பிறகு ஒரு பெண் எலி பேசினாள்.

"தித்திப்பா இருந்துச்சு அக்கா. வீடு வந்து சேருறதுக்குள்ள நக்கித் தீர்த்துட்டோம்."

"எல்லாருமா?"

"காலிலும் வயித்திலும் கீறல் பட்டவங்க. பிடரியிலே பட்டவங்களுக்கு நாக்கு எட்டலையே! எங்களோடதை நக்கி முடிச்சுப் பார்த்தா, அவங்களோடது காய்ஞ்சு இறுகிடுச்சு. உள்ளேயே சீழ் கட்டி ரெண்டு பேர் செத்துட்டாங்க. என் தம்பி காய்ச்சலிலே கிடக்கான்."

"வைத்தியர்கிட்டே ஏன் சொல்லலை?"

"கீறினவர் அவர். கேட்க வந்தவ நீதான்!"

வேம்பி ஒரே ஓட்டமாகக் குளக்கரைக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். "எருமை அக்காவுக்கும் நாக்கு பிடரிக்கு எட்டாது! களிம்பை எடுங்க!"

"எலி பேச்சைக் கேட்டா நான் வைத்தியம் பார்க்கணும்?" கரடி உறுமினார்.

"எலி உடம்பை நம்புனீங்களே, எலி வாயை நம்பக் கூடாதா?"

கரடி நகத்தால் களிம்பின் ஓரத்தை மெல்லத் தூக்கினார். குப்பென்று சீழ் நாற்றம் வந்தது. அவர் முகம் தொங்கிவிட்டது.

இருவரும் எருமையைத் தாங்கிக் குளத்தில் இறக்கினார்கள். தண்ணீரில் ஊற ஊறக் களிம்பு கரைந்தது, சீழும் வடிந்தது. சாயங்காலம் அவள் எழுந்து நின்றாள். கன்று ஓடி வந்து மடியை முட்டியது.

கரடி அங்கே நிற்கவில்லை. எலி வளைக்குப் போய், நகங்களை மடக்கிக்கொண்டு மண்ணில் படுத்தார். "தம்பியை வெளியே கொண்டு வாங்கம்மா." அவனுடைய சுண்டுவிரல் அளவு பிடரியை, இறுகிய களிம்பு இளகும்வரை, தன் பெரிய நாக்கால் பதமாக நக்கினார். எலித்தம்பி கண் திறந்தான்.

"என்னை மன்னிச்சுடுங்க!" என்றார் கரடி.

"இவன் பிழைச்சுட்டான். மத்த ரெண்டு பேருக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள் அக்கா எலி.

கரடி தலை குனிந்தார்.

நமக்காக நோவைத் தாங்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கற்ற வித்தை, அடுத்தவர் உயிருக்கே உலை வைக்கும்.