செம்பு ஏன் பாதியில் நெருப்புக்குப் போகிறது

கல்லும் செம்பும் வாய் திறந்து பேசிய காலம் அது. அப்போதெல்லாம் செம்புக்கு நெருப்பென்றாலே ஆகாது. கல்லிலிருந்து உருக்கிப் பிரித்த அன்று பட்ட பாட்டை அது மறக்கவே இல்லை. "இனிமேல் என்னை உலையில் வைக்கக் கூடாது" என்று, பாத்திரம் அடிக்கும் மாசானத்திடம் சத்தியமே வாங்கியிருந்தது. அவனும் பாவம், சூடு காட்டாமல் பச்சையாகவே அடித்துப் பிழைத்து வந்தான்.

அந்த வருஷம் ஊர்ச் சுனை வற்றிவிட்டது. எல்லாரும் மலை தாண்டிப் போக வேண்டும். நான்கு நாள் நடை, வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மண்பானை பாறையில் பட்டால் போச்சு. மாசானத்தின் மனைவி பூவாத்தாள் இடுப்பில் பத்து மாதக் குழந்தை. அதற்காகத்தான் மாசானம் செம்புக் குடம் அடிக்க உட்கார்ந்தான். கையில் இருந்தது இரண்டே தகடு.

முதல் தகடு, கழுத்து வளைக்கும்போது கிழிந்தது. இரண்டாவதும் பாதியில் விறைத்துக்கொண்டது. சுத்தியல் எகிறியது.

"உனக்கு என்ன இவ்வளவு வீம்பு?" என்றான் மாசானம்.

"வீம்பில்லை அண்ணே. எனக்குள்ளே பொடிப் பொடி ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். நீ அடிக்க அடிக்க வழுக்கி நகர்ந்து கொடுத்தார்கள், அதனால்தான் நீண்டேன். இப்போது தேர்க்கூட்டம் மாதிரி ஒருத்தர் மேல் ஒருத்தர் சிக்கிக்கொண்டார்கள். நகர இடமில்லை. இன்னும் ஓர் அடி விழுந்தால் கிழிந்துவிடுவேன்."

மாசானம் சுத்தியலைக் கீழே வைத்தான். பூவாத்தாள்தான் விடாமல் கேட்டாள். "சரி, அந்தச் சிக்கல் எப்படி விலகும்?"

செம்பு, கிழிந்து கிடந்த முதல் தகட்டைப் பார்த்தது. பிறகு, "சூடு பட்டால் புதிதாக வரிசை கட்டுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, தாயி" என்றது.

"நான் பக்கத்திலேயே இருக்கிறேன். சிவந்ததும் எடுத்துவிடுவேன். உன்னை உருக விடமாட்டேன்."

இடுப்பில் குழந்தை சிணுங்கியது. செம்பு அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வை" என்றது.

சொன்னபடியே, சிவந்த நொடியில் பூவாத்தாள் இடுக்கியால் எடுத்தாள். ஆறியபின் மாசானம் தட்டிப் பார்த்தான். அடம் பிடிக்காமல் வளைந்தது. அடித்தான், விறைத்தது. சுட்டார்கள், இளகியது. இப்படி மூன்று தரம். கழுத்தும் வந்தது, வாயும் வந்தது. நாலாம் தரம் பூவாத்தாள் இடுக்கியை எடுத்தபோது செம்பே தடுத்தது.

"போதும், தாயி. இப்போது இளகினால் பிள்ளை உதைத்தாலே நசுங்கிவிடுவேன். ஆட்கள் இப்படியே பின்னிக்கொண்டு நிற்கட்டும்."

மலையில் அந்தக் குடம் இரண்டு முறை பாறையில் மோதியது. நான்காம் நாளும் குழந்தைக்குக் குடிக்க அதில் தண்ணீர் இருந்தது.

செம்பை அடிப்பவர்கள் நடுநடுவே அதை நெருப்பில் காட்டுவதும், கடைசி அடிக்குப் பிறகு மட்டும் காட்டாமல் விடுவதும் அன்று முதல்தான்.