அனுமதி இல்லாமல் உறுமிய அரசரின் வயிறு

முன்னொரு காலத்தில், காற்றுக்கும் கதவு போட்டுப் பூட்டிவிடலாம் என்று நம்பிய ஒரு நாடு இருந்தது. வல்லபராயர் என்ற மன்னர் அதை ஆண்டார். அங்கே ஓர் ஊர்ச் செய்தி இன்னோர் ஊருக்குப் போக ஒரே வழி அரசாங்க முரசுதான். ஒரு கோபுரத்தில் கொட்டுவார்கள். அதைக் கேட்டு அடுத்த கோபுரத்தில் கொட்டுவார்கள். நடுவில் எவனாவது தூங்கிவிட்டால் செய்தியும் அவனோடு படுத்துக்கொள்ளும். அரசவை விகடகவி சடையாண்டியின் தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தி அப்படித்தான் புறப்பட்டது. அது வந்து சேருவதற்குள் அந்தக் குழந்தையே நடந்து வந்து, வாசலில் நின்று, "மாமா, செய்தி வந்ததா?" என்று கேட்டது. மிகையில்லை, பல்லெல்லாம் முளைத்திருந்தது!

முரசுகளுக்கெல்லாம் தலைவர் வீரகண்டர். அவர் மெல்லப் பேசினாலே தூணில் இருக்கும் பல்லி கீழே விழும். அவருக்குப் போட்டி என்றாலே பிடிக்காது. சடையாண்டி என்றால் அதைவிடப் பிடிக்காது.

ஒருநாள் கடல் கடந்து வணிகர்கள் வந்தார்கள். அரண்மனைக் கிடங்குகளில் மிளகு மலையாகக் குவிந்து கிடந்த நேரம் அது. அந்தப் பக்கம் போனால் யானைகூடத் தும்மும்.

"வேந்தே, மிளகு அத்தனையும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். விலைநிலவரம் உடனுக்குடன் தெரிய எங்கள் தூதுப் புறாக்கள் உங்கள் நாட்டில் பறக்க வேண்டும். உங்கள் மக்களும் அவற்றின் காலில் ஓலை கட்டி அனுப்பலாம்" என்றார் வணிகர் தலைவர்.

மன்னருக்கு ஒரே குஷி. "வானம் திறந்தது!" என்று அங்கேயே முத்திரை குத்திவிட்டார்.

வணிகர்கள் அந்தப் பக்கம் போனதும் வீரகண்டர் இந்தப் பக்கம் வந்தார். "பிரபு! அந்நியப் புறா நுழைந்தால் நம் முரசுகள் ஊமையாகிவிடும். வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரேயொரு சின்ன விதி. நாட்டுக்குள் எந்தச் செய்தியும், எதன் மூலமாகவும், ஓரிடம் விட்டு ஓரிடம் போவதானால், முரசு வழியாக நாட்டின் கோடியில் இருக்கும் கரடிமலைக் கோபுரத்துக்குச் சொல்லி, அங்கிருந்து அனுமதி வந்த பிறகே போக வேண்டும்."

மன்னர் அதற்கும் முத்திரை குத்தினார். முத்திரை குத்துவதில் அவருக்கு அப்படியோர் ஆசை.

சில நாளில் வணிகர்கள் புறாக் கூண்டும் கையுமாக வந்து நின்றார்கள். "அனுமதிக்குக் காத்திருந்து காத்திருந்து இவை கூண்டிலேயே குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன, வேந்தே! நாளைக்குள் வானம் திறக்காவிட்டால் எங்கள் கப்பல் பக்கத்து நாட்டு மிளகுக்குத் திரும்பிவிடும்."

மன்னர் தலையைச் சொறிந்தார். "இரண்டிலும் என் முத்திரை இருக்கிறதே! வானமும் திறக்க வேண்டும், விதியும் நிற்க வேண்டும். யாரால் முடியும்?"

வீரகண்டர் தொண்டையைச் செருமினார். சாளரங்கள் ஆடின. "சடையாண்டியை விட்டால் வேறு யார்? விதியைக் காக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். தவறினால் ஆயுள் முழுக்கக் கரடிமலையில் முரசு கொட்டட்டும். கரடிகள் நல்ல ரசிகர்கள்!"

சடையாண்டி கரடிமலை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார். கரடிக்கு விகடம் சொல்லி எவன் உயிரோடு திரும்பியிருக்கிறான்? ஆனாலும் கைகூப்பினார். "உத்தரவு, பிரபு. ஓர் எழுத்துப் பிசகாமல் காக்கிறேன். யாருக்கும் விலக்கு இல்லையே?"

"எனக்கே இல்லை!" என்றார் மன்னர், பெருமையோடு.

மறுநாள் அவை கூடியது. வணிகர்களும் புறாக் கூண்டோடு வந்து காத்திருந்தார்கள். உச்சிவேளை வந்தது, போனது. மன்னர் சிம்மாசனத்தில் நெளிந்தார். "சாப்பாட்டுக்கு ஏன் இன்னும் யாரும் அழைக்கவில்லை?"

"மடைப்பள்ளிச் செய்தி அவைக்கு வரக் கரடிமலை அனுமதி வேண்டும், பிரபு. காலையிலேயே முரசில் கேட்டாயிற்று. கேள்வி வழியில் எங்கோ தூங்குகிறது" என்றார் சடையாண்டி.

"சமையற்காரனைக் கூப்பிடு!"

"கூப்பிடுவதும் செய்திதானே, பிரபு? அதற்கும் கேட்டிருக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் காற்றில் நெய்யும் ஏலக்காயும் கமகமவென்று மிதந்து வந்தன. சடையாண்டி துள்ளிக் குதித்தார். "காவலர்களே, பிடியுங்கள்! அக்காரவடிசல் தயார் என்ற செய்தியை இந்த வாசனை திருட்டுத்தனமாகக் கொண்டுவருகிறது!" காவலர்கள் மீன்வலையோடு வாசனையைத் துரத்தினார்கள். நாலைந்து அமைச்சர்கள் வலையில் சிக்கினார்கள், வாசனை சிக்கவில்லை.

அப்போது மன்னரின் வயிறு உறுமியது. சாதாரண உறுமலா? கொட்டிலில் யானைகள் பதிலுக்குப் பிளிறின!

சடையாண்டி பணிவாக முன்னே வந்தார். "மன்னிக்க வேண்டும், பிரபு. பசி என்ற செய்தி உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டது. அனுமதி இல்லை."

வீரகண்டர் பதறினார். "ஆனால் முரசு மாதிரியேதானே கேட்டது, பிரபு!"

"மாதிரிதான் ஐயா. அரசாங்க முரசு இல்லையே! உரிமம் பெறாத முரசு. விதிப்படி இந்த வயிற்றைக் கைது செய்ய வேண்டும். வயிறு தனியே வராது என்பதால், பிரபு, தாங்களும் கொஞ்சம் கூடவே எழுந்து வந்தால்..."

மன்னர் குனிந்து தம் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிரீடம் உருண்டு புறாக் கூண்டில் போய் முட்டும்வரை சிரித்தார். விதி எழுதிய ஓலையை வாங்கி, தம் கையாலேயே கிழித்தார். "கூண்டைத் திறங்கள்! முதலில் மடைப்பள்ளிக் கதவைத் திறங்கள்!"

"என் முரசுகள், பிரபு?" என்றார் வீரகண்டர், வாழ்நாளில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில்.

"கொட்டட்டும் ஐயா, யார் தடுத்தது? புறாவை முந்தச் சொல்லும். முதலில் விழித்திருக்கச் சொல்லும்!"

வயிறார உண்ட மன்னர் சடையாண்டிக்கு ஒரு முத்துமாலையும் ஒரு பொற்கிழியும் பரிசளித்தார். மாலையை மனைவி செங்கமலத்திடம் கொடுப்பது, கிழியைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பது என்று முடிவு செய்துகொண்டு சடையாண்டி வீட்டுக்கு நடந்தார். தலைக்கு மேல் ஒரு புறா விர்ரென்று பறந்தது. அதற்குத் தோற்கக்கூடாதென்று வழிநெடுக முரசுகள் இடி இடியென்று இடித்தன.

வீட்டுக் கூரையில் அதே புறா உட்கார்ந்திருந்தது. வாசலில் செங்கமலம் இடுப்பில் கைவைத்து நின்றாள். "மாலை அழகாத்தான் இருக்கு. மடியில ஒளிச்சு வச்சிருக்கிற கிழியையும் எடுங்க!"

சடையாண்டி வானத்தை அண்ணாந்து பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டோமோ என்று நினைத்தார். பிறகு மன்னரைவிட உரக்கச் சிரித்தபடி கிழியை எடுத்து நீட்டினார்.