நாற்பது ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

திருமூர்த்திக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு குரு கிடைத்தார். பெயர் பொற்கொடி. அவரைவிடப் பதினோரு வயது இளையவர். சிங்காநல்லூரில் முன்பு மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஷெட்டில், வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்வது எப்படி என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. எழுந்துபோய் எதையாவது செய்துகாட்டுவார். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடுவார்.

திருமூர்த்தி முப்பது வருஷம் மில்லில் எலக்ட்ரீஷியன். பொற்கொடியிடம் மூன்று வருஷச் சீடர். ஜெபமணி என்கிற தையல்காரர் வந்து சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஜாக்கெட் வெட்டி மிஞ்சிய துணியைப் பெட்டிக்குள் அடைத்து ஸ்பீக்கர் செய்கிற ஆள். அந்த ஆளின் பெட்டிக்கு வந்த கிராப்பைப் பார்த்த நாளிலிருந்து திருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

கிராப் பெரிய விஷயமில்லை. ஸ்பீக்கரில் அடிமட்டச் சத்தத்தில் தொடங்கி மேலே வரைக்கும் ஓர் ஊளையை ஓடவிட வேண்டும். எதிரே மைக் வைத்தால், எந்தச் சத்தம் எவ்வளவு வருகிறது என்று லேப்டாப் ஒரு கோடு போட்டுக் காட்டும். ஜெபமணியின் கோடு சமதரையில் போகிற ரோடு மாதிரி போயிற்று. திருமூர்த்தியின் கோட்டில் சரியாக நாற்பது ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். பெரிய மேளத்தின் அடிச்சத்தம் வந்து விழவேண்டிய இடம் அது. அங்கே அவர் பெட்டி வாயே திறக்கவில்லை.

பெட்டியைப் பிரித்துப் பெரிதாகச் செய்தார். பள்ளம் போகவில்லை. பஞ்சு அடைத்தார், அடிச்சத்தம் தருகிற ஊஃபரை மாற்றினார், மறுபடி இன்னும் பெரிதாகச் செய்தார். வெட்டிப்போட்ட பிளைவுட்டில் ஒரு கட்டிலே செய்திருக்கலாம். பள்ளம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"டீச்சர் அந்தாளுக்கு மட்டும் தனியா என்னமோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். பொறாமை என்று அவர் ஒப்புக்கொள்ளமாட்டார், சந்தேகம் என்பார். ஆனால் அது பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை. ஜெபமணி வகுப்பில் சிரித்தால்கூட அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் பல்லடம் பக்கத்திலிருந்து காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்று பெட்டி கேட்டது. அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு மரமேடையில் நின்று, பாதத்தில் ஏறும் அதிர்வை வைத்துத் தாளம் பிடித்து ஆடுவார்கள். நல்ல பேஸ், அதாவது அடிச்சத்தம், தருகிற பெட்டி ஒன்றே ஒன்று வேண்டும்.

"மூத்தவரு நீங்க. மொதல்ல உங்களுக்குத்தானுங்ணா" என்றார் பொற்கொடி. "சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டி உங்க வீட்டுக்கே வரும். பெட்டி தயார்னா ஏத்தி விடுங்க. இல்லீன்னா ஜெபமணியண்ணனோடது போகட்டும்."

முதல் பாதி திருமூர்த்தியின் காதில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமை குருவுக்குப் போன் போட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணுமுங்க. அந்தாளு பெட்டியில இருக்கற பேஸு என்ற பெட்டியில ஏன் இல்லீங்க?"

"நாளைக்கு வர்றேன்" என்று போனை வைத்துவிட்டார் பொற்கொடி.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பொற்கொடி இறங்கினார். பின்னாலேயே ஜெபமணி, தன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினார். திருமூர்த்தியின் முகம் போன போக்கைப் பார்த்து, "டீச்சர்தான் எடுத்துட்டு வரச் சொன்னாங்கண்ணா" என்றார்.

கூடத்தின் ஒரு சுவரோரமாகத் திருமூர்த்தியின் பெட்டி இருந்தது. சரியாகக் கூடத்தின் நடுவில் அவர் நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் ஸ்டாண்டில் மைக்.

"இங்க வச்சுத்தான் அளக்கறீங்களா?" என்று கேட்டார் பொற்கொடி.

"ஆமாங்க. நான் உக்காந்து கேக்கற எடமுங்க. கிட்ட வச்சா எந்தப் பெட்டியும் நல்லாத்தான் பாடும். கேக்கறவன் காதுல என்ன விழுதுன்னு பாக்கோணுமில்லீங்களா?"

பொற்கொடி திருமூர்த்தியின் பெட்டியை நகர்த்திவிட்டு, அதே இடத்தில் ஜெபமணியின் பெட்டியை வைத்தார். ஊளையை ஓடவிட்டார். ஜன்னல் கம்பி உறுமியது, சமையலறையில் தட்டுகள் நடுங்கின. லேப்டாப்பில் கோடு விழுந்தது.

நாற்பது ஹெர்ட்ஸில் பள்ளம்.

திருமூர்த்திக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மகள் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக ஜெபமணியைப் பார்த்து, "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

ஜெபமணி லேப்டாப்பையே வெறித்தார். "என்ற கடையில அளந்தப்ப இது இல்லீங்களே டீச்சர்."

"சரியான எடத்துல வச்சு அளந்தாத்தானே தம்பி, உள்ளது தெரியும்" என்றார் திருமூர்த்தி, மிகுந்த பரிவோடு.

"உங்க கடையில எங்க வச்சு அளந்தீங்க?" என்று ஜெபமணியிடம் கேட்டார் பொற்கொடி.

ஜெபமணி கூச்சத்தோடு நெளிந்தார். "கடையே ஆறடிதானுங்க. மெஷினு போக மைக் வைக்க எடமில்ல. ஊஃபர்ல முட்டற மாதிரி வச்சேனுங்க. தப்புங்களா?"

பொற்கொடி திருமூர்த்திப் பக்கம் திரும்பினார். "பெட்டி வேற, ஊஃபர் வேற, செஞ்ச ஆளும் வேற. பள்ளம் மட்டும் ஒரே எடத்துல விழுது. எப்படிங்ணா?"

திருமூர்த்திக்குக் காப்பி சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

பொற்கொடி மறுபடியும் திருமூர்த்தியின் பெட்டியை அதன் இடத்தில் வைத்தார். மைக்கை மட்டும் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ச்சுவரை ஒட்டி வைத்தார். ஊளை ஓடியது. நாற்பதில் பள்ளத்தைக் காணோம், அதற்குப் பதிலாக ஒரு மேடு முளைத்திருந்தது. மைக்கைத் திரும்பவும் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார். பள்ளம் வந்தது.

"பெட்டியை யாராச்சும் தொட்டமா?"

"இல்லீங்க."

"அப்ப எது மாறுது?"

திருமூர்த்தி இந்தச் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் மூன்று வருஷமாகப் போட்டிருக்கும் தன் நாற்காலியைப் பார்த்தார். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து, தன்னைத்தானே தின்றுகொள்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்துப் பள்ளத்தை மூடத்தான் பெட்டி பெட்டியாக அறுத்துத் தள்ளியிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

பொற்கொடி கடைசியாக மைக்கை அவர் பெட்டிக்கு நேரே கொண்டுபோனார். ஊஃபரின் காகிதக் கூம்புக்கும் மைக்குக்கும் இடையே இரண்டு விரல்தான் இடைவெளி. சத்தத்தைக் குறைத்து ஊளையை ஓடவிட்டார்.

கோடு வந்தது. நாற்பதில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. முப்பத்தாறு ஹெர்ட்ஸ் வரைக்கும் நேராகப் போய், அதற்கும் கீழேதான் மெல்லச் சரிந்தது.

"இது என்ற பெட்டிங்களா?" என்றார் திருமூர்த்தி.

"உங்க பெட்டிதானுங்ணா."

"அருமையா இருக்குதுங்ணா" என்றார் ஜெபமணி. மனதாரத்தான் சொன்னார்.

திருமூர்த்தி பெட்டியைத் தடவிக்கொடுத்தார். கண் கலங்கியது. இத்தனை நாளும் அந்த அடிச்சத்தம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. ஒரு பத்து எண்ணுகிற நேரம் உலகத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அவர் கண் தானாகக் கதவோரம் போயிற்று. அங்கே ஜெபமணியின் பெட்டி இருந்தது. அது எத்தனை ஹெர்ட்ஸ் வரைக்கும் கீழே போகும்? முப்பத்தாறா? முப்பத்து நாலா?

வாசலில் ஹாரன் அடித்தது. பள்ளி வண்டியின் டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்தப் பெட்டிங்க ஏத்தோணும்?" என்று கேட்டார்.

பொற்கொடி திருமூர்த்தியைப் பார்த்தார். ஜெபமணியும் பார்த்தார். "இதுதான்" என்று கையைக் காட்டினால் போதும், வேலை முடிந்தது.

திருமூர்த்தி கையைப் பாதி தூக்கிக் கீழே போட்டார்.

"டீச்சர், ஒரு நிமிசமுங்க. அவரோடதையும் இதே மாதிரி கிட்ட வச்சு ஒருக்கா அளந்து பாத்துட்டம்னா…"

பொற்கொடி மைக் ஸ்டாண்டைக் கையில் எடுத்தார்.

"பாக்கலாமுங்ணா. ஆனா இங்க இருக்கறது ஒரே மைக்கு. அவரு பெட்டிகிட்டக் கொண்டு போனா, உங்க பெட்டி மறுபடியும் மைக்குக்குத் தூரமாயிரும். பரவால்லீங்களா?"