மயில் வைத்த குச்சி

ஒரு காட்டில் சிறுத்தை வருகிறது என்றதும் குளக்கரையே காலியாகிவிட்டது. மான் போயிற்று, பன்றி போயிற்று, முயல் இருந்த இடமே தெரியவில்லை. மினுக்கன் என்ற மயில் மட்டும் போகவில்லை. மழை விட்டு ஈசல் கிளம்பியிருந்தது. அதை விட்டுவிட்டு எவன் போவான்?

"மினுக்கண்ணே, இன்னுமா தின்கிறாய்? சாயங்காலம் ஆட்டம் இருக்கிறதே, தோகை வேண்டாமா?" என்று இலவ மரத்திலிருந்து கத்தியது கொத்தாயி என்ற மரங்கொத்தி.

காவல்தான் கொத்தாயிக்கு வேலை. சிறுத்தை குகையை விட்டுக் கிளம்பினால் போதும், பட்டுப்போன அந்த அகலமான மரத்தில் குழி போட ஆரம்பித்துவிடும். பக்கத்துப் பாறையில் சொட்டும் நீரை எண்ணி, பத்துச் சொட்டுக்கு ஒருமுறை உச்சிக்குப் போய் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் முந்தைய குழிக்கு ஒரு விரல் வலப்பக்கம் தள்ளி ஒரு குழி. சிறுத்தை எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அவ்வளவு உயரத்தில் குழி. குளம் இருக்கும் தூரத்தைக் காட்ட மேலே குறுக்காக நீளமாய் ஒரு கோடு. சிறுத்தை படுத்தால் குழிகளும் படுத்துக்கிடக்கும். ஓடினால் ஏணிபோல ஏறும்.

இப்போது பன்னிரண்டு குழிகள். முதல் பதினொன்றும் சோம்பலாக ஊர்ந்தன. கடைசிக் குழி மட்டும் எகிறி நின்றது.

மினுக்கன் ஒரு குச்சியைக் கவ்வி வந்தான். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நேராகச் சாய்த்து வைத்தான்.

"பார்! நத்தைகூட ஏறும் சரிவு. இதே சரிவில் குச்சியை நீட்டினால் குளத்துக் கோட்டைத் தொட இன்னும் ஆறு குழி ஆகும். அதற்குள் வயிறு நிறைந்துவிடும்."

"அது சிறுத்தை கிளம்பியதிலிருந்து எல்லாம் சேர்த்துப் பார்த்த வேகம், அண்ணே. சிறுத்தை படுத்துக்கிடந்த நேரமும் அதில் இருக்கிறது. இந்த நிமிஷத்து வேகம் வேண்டுமானால் குச்சியைக் கடைசி இரண்டு குழியில் மட்டும் வை!"

"பன்னிரண்டையும் பார்த்துச் சொல்கிறவன் நான். இரண்டைப் பார்க்கச் சொல்கிறாய் நீ. உன் தலை அளவுதானே உன் புத்தியும் இருக்கும்!"

மினுக்கன் திரும்பி வந்து ஈசலில் வாயை வைத்தான். நாலு ஈசல்கூட உள்ளே போகவில்லை. புல் படாரென்று விலகியது.

மினுக்கன் பறந்தான். உடம்பு முழுவதும் பறந்தது. தோகை மட்டும் பறக்கவில்லை.

"த்தூ! த்தூ! இறகைத் தின்னவா இவ்வளவு வேகமாக ஓடி வந்தேன்?" என்று சிறுத்தை வாயைத் துடைத்துக்கொண்டே போயிற்று.

கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய மினுக்கனைக் கொத்தாயி பின்பக்கமாக எட்டிப் பார்த்தது.

"காற்று நன்றாக வருகிறதா, அண்ணே?"

"கேலி பண்ணாதே. சரிவைச் சரியாகத்தானே பார்த்தேன்?"

"சரியாகத்தான் பார்த்தாய். குச்சியை எங்கே வைக்கச் சொன்னேன்?"

"கடைசி இரண்டு குழியில்."

"வைத்தாயா?"

மினுக்கன் கீழே சிதறிக் கிடந்த இறகுகளைப் பார்த்தான்.

"வைக்கவில்லை."

நீதி: வழி முழுவதற்குமான சராசரி வேகத்தைப் பார்த்து, இந்த நொடியின் வேகத்தை எடைபோடாதே.